சமையலுக்கு ஆகாத பட்டாணி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் துணிதான். நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததிலிருந்து, விரிப்பும் துண்டும் போர்வையுமாக வாளி நிரம்பாத நாளே இல்லை. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், சாயங்காலம் மறுபடி ஏற்றப் போகும்வரை வீட்டில்தான் இருப்பான். தங்கமான மனிதன். ஆனால் எதையும் செய்து முடித்த பிறகுதான் யோசிப்பான். தெருவில் அவனுக்கு ‘அவசரம்’ என்றே பெயர்.

விதைப் பொட்டலத்தை அவள் வாங்கியது, கிருமிநாசினி வாங்கப் போன கடையில். மேலே ஊதாவும் ரோஜா நிறமுமாகப் பூக்கள், கீழே ‘வாசனைப் பட்டாணி’ என்ற பெயர். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை போய் எடுத்துவிட்டது.

“இது எப்ப காய்க்கும்?” என்றான் புருஷன்.

“இது பூக்கிற செடி.”

“பூத்து?”

“பூக்கும், அவ்வளவுதான்.”

“சரி, என்னமோ” என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தாலும் அவளுக்கு விளக்கத் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் இருந்ததெல்லாம் ஒன்று சமைக்க வேண்டியது, இல்லையென்றால் துவைக்க வேண்டியது, அதுவும் இல்லையென்றால் மாத்திரை கொடுக்க வேண்டியது. ஒன்றுக்கும் ஆகாத ஒன்று தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்தாள்போல.

பாதி விதையைக் கொல்லைச் சுவரோரம் ஊன்றினாள். எலி ஒன்றுகூட விடாமல் தோண்டித் தின்றுவிட்டது. மீதியை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் உப்பாமல் கல்லாகக் கிடந்தவற்றின் தோலை நகவெட்டியால் லேசாகக் கீறி, காகிதக் கப்புகளில் மண் நிரப்பிப் போட்டாள். வாஷிங் மெஷின் மேல்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. மெஷின் ஓடும்போதெல்லாம் கப்புகளும் சேர்ந்து நடுங்கின. அந்த ஆட்டத்திலும் முளை வந்தது.

நாற்றுகளைச் சுவரோரம் நட்டு, ஆணி அடித்துக் கயிறு கட்டிவிட்டாள். நாத்தனாரின் கட்டில் ஜன்னலோரம் இருந்ததால், கொல்லையில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருநாள் இவள் தளிர் நுனிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, வளர்றதைப் போய்க் கிள்ளுறே?”

“கிள்ளினாத்தான் கிளை விடுமாம் அண்ணி.”

“என்னையுந்தான் கடவுள் இடுப்புல கிள்ளி வச்சிருக்காரு. எங்க கிளை விட்டேன்?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

கொடி கயிற்றைப் பற்றி ஏறிப் பூத்தது. வாசனை என்றால் அப்படியொரு வாசனை. நாள் முழுக்க வெளுப்புத்தூளும் ஆவியும் ஏறிய மூக்குக்கு முதலில் அது பிடிபடவே இல்லை. பிறகு கொல்லைக் கதவைத் திறக்கும்போதே வந்து முட்டியது. தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு கொத்து வெட்டி டம்ளரில் வைப்பாள். வெட்ட வெட்டத்தான் பூக்கும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது.

அதுவும் நீடிக்கவில்லை. சலவைக்கூடத்தில் பெரிய மெஷின் பழுதாகி நின்றது. கூட வேலை பார்த்தவள் பிரசவத்துக்குப் போனாள். அவள் பங்கு வேலையும் இவள் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் யாருடையவோ போல இருக்கும். கத்தரிக்கோலைத் தொட்டே நாளாயிற்று. வெட்டாமல் விட்ட பூக்கள் காயாகித் தொங்கின. கொடி பூப்பதை நிறுத்திக்கொண்டது. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அடுப்பின்மேல் மூடி வைத்த பாத்திரம் இருந்தது. தொட்டியில் தோல்கள் குவிந்து கிடந்தன. பிள்ளைகளை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்த புருஷன் முகமெல்லாம் பெருமையாக நின்றான்.

“உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு வேகவச்சிட்டேன். மத்தியானமே ஆச்சு. நம்ம கொல்லைப் பட்டாணி.”

அவள் ஒரு தோலை எடுத்துப் பார்த்தாள். மேலே பூனைமயிர் போல மெல்லிய சுணை.

“இது திங்கிற பட்டாணி இல்லீங்க.”

“பட்டாணியில ஏது திங்கிறது, திங்காதது?”

“விஷங்க இது. பொட்டலத்துலயே போட்டிருக்கு.”

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். “நான் ரெண்டு கரண்டி சாப்பிட்டேனே.”

அவள் அதற்குள் நாத்தனார் அறைக்கு ஓடியிருந்தாள். “அண்ணி, இவரு செஞ்சதைச் சாப்பிட்டீங்களா?”

“அவன் சமைச்சதை நான் என்னிக்குச் சாப்பிட்டேன்?” என்றார் நாத்தனார். “ரொட்டி இருந்துச்சு, தின்னேன். தட்டு அப்படியே இருக்கு பாரு, கட்டிலுக்கு அடியில.”

குனிந்து அந்தத் தட்டை வெளியே எடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் இவளுக்குத் தெரிந்தவள்தான்.

“ரெண்டு கரண்டிதானே? கிழங்கோட சேர்த்துத்தானே? அவ்வளவுக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுக்கா. டாக்டர் கிட்டயும் கேட்டுட்டேன். வாந்தியோ, கைகால் மரத்த மாதிரியோ இருந்தா உடனே கூட்டிட்டு வந்துருங்க.”

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “இங்க லேசா இழுக்குது.”

“பயத்துல இழுக்கும்” என்றார் நாத்தனார் உள்ளேயிருந்து. “சின்ன வயசுல சோப்பைத் தின்னவன்தானே நீ? அப்பவே போகல.”

ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்றான். அப்போதுதான் அவள் கொல்லைக்குப் போனாள். கொடியில் ஒரு காய் மிச்சமில்லை. மொட்டைக் கொடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. செடிக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

அவன் வந்து பக்கத்தில் நின்றான். “களைச்சுப் போய் வர்றியே, வந்ததும் அடுப்புல நிக்க வேண்டாமேன்னுதான்...”

“இந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் உபயோகப்படாம இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அதையும் பாத்திரத்துல போட்டுட்டீங்க.”

அவன் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் குப்பையில் கொட்டி, மூன்று தடவை தேய்த்துக் கழுவினான்.

மறுவாரத்திலிருந்து அக்காவின் விரிப்புகளை மத்தியானத்தில் அவனே துவைத்துக் காயப்போட்டான். சிவப்புச் சட்டையோடு சேர்த்துப் போட்டதில் இரண்டு விரிப்பு சாயம் ஏறிப் போனது. அவள் கண்டுகொள்ளவில்லை. வாளி காலியாக இருந்ததே பெரிது.

“உன் செடி பூத்திருக்கு, பாத்தியா?” என்று ஒருநாள் நாத்தனார்தான் சொன்னார்.

உண்மைதான். காய் இருக்கும்வரை அதை முற்றவைப்பதிலேயே முனைந்திருந்த கொடி, காய் போனதும் மறுபடியும் பூக்கத் தொடங்கியிருந்தது. அவன் பறித்ததுதான் காரணம். முன்னைப்போல நீளக் காம்பு இல்லை. கீழ் இலைகளில் சாம்பல் பூத்திருந்தது. வெயில் இன்னும் ஏறினால் கருகிவிடும். என்றாலும் வாசனை குறையவில்லை. ஒரு கொத்து வெட்டி நாத்தனார் தலைமாட்டில் வைத்தாள்.

“இதைத் தூக்கிட்டுப் போ. தலையை வலிக்குது.”

டம்ளரைத் தன் அறைக்கு எடுத்துவந்து தரையில் வைத்துவிட்டுப் படுத்தாள். எழுந்து சாப்பிட வேண்டும் என்று நினைத்தாள். அடுத்த அறையில், அவன் வைத்த குழம்பில் உப்பில்லை என்று அக்காவும், இருக்கிறது என்று தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.