பூட்டிய வீடுகள்

நகரத்தின் விவரப் புத்தகம் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. பத்து வருடம் முன்பு வெறும் பொட்டல்; இப்போது நகரம். எத்தனை வீடு, எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்று எல்லாம் அதில் வரும். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைத் திருப்பி வைத்தார்.

“அறுநூத்தி ரெண்டு. உங்க வீட்டுக்கு நேர் மேல் வீடு. ஒரு அம்மா, ஒரு பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க. மீட்டர்ல ஒரு யூனிட்கூட ஓடலை. இருட்டுலயே குடித்தனம் நடத்துறாங்களா?”

“பூட்டியிருந்துச்சு சார். பூட்டின வீடுன்னா பக்கத்துல விசாரிச்சு எழுதலாம்னுதானே சொன்னீங்க?”

“யாரை விசாரிச்சீங்க?”

அவள் சற்று யோசித்தாள். “என்னைத்தான்.”

“அதுவும் சரி. அலைச்சல் மிச்சம்.”

“சத்தம் கேக்கும் சார். சாயங்காலம் ஆறு மணிக்கு. சின்னப் பிள்ளை ஓடுற சத்தம். ஜன்னல்லேர்ந்து வாசலுக்கு, வாசல்லேர்ந்து ஜன்னலுக்கு. பிள்ளை இருந்தா அம்மா இருக்கணுமில்ல?”

“காதால் கேட்பதும் பொய்ம்மா. வாங்க, தீர விசாரிச்சுடுவோம்.”

குடியிருப்பின் காவலாளி சாவிக்கொத்தோடு முன்னால் படியேறினார். “கட்டுன நாள்லேர்ந்து இது விக்கவே இல்லைங்க. நானே உள்ள போனதில்ல.”

பூட்டு எளிதில் திறக்கவில்லை. உள்ளே தரை முழுக்கத் தூசி, மாவு சலித்துக் கொட்டியது போல. ஜன்னலிலிருந்து வாசல் வரை ஒரு தடமும் இல்லை. மேற்பார்வையாளர் நடந்தார், அவர் செருப்பு பதிந்தது. அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

கணவன் வேலை முடிந்து வர ஒன்பதாகிவிடும். தினமும் ஆறு மணிக்கு அவள் கைவேலையைப் போட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து உட்கார்ந்திருப்பாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த துணை அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை.

“பொட்டல் காத்துங்க,” என்றார் காவலாளி. “குழாய்க்குள்ள பூந்து என்னென்னவோ பேசும்.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அவளே சிவப்புப் பேனாவால் அந்தப் படிவத்தை அடித்தாள். நகரத்தில் இரண்டு பேர் குறைந்தார்கள்.

“இன்னொண்ணு,” என்றார் மேற்பார்வையாளர். “உங்க சொந்த வீடு. அதை நீங்க எழுதக் கூடாதுன்னு நம்ம ஆபீஸ் அவசரக்குடுக்கைப் பையனை அனுப்பினேன். அவன் வந்தப்ப பூட்டியிருந்துச்சாம். கீழ்வீட்டு அம்மாகிட்ட கேட்டு எழுதிட்டான். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. தப்பு இருந்தா இப்பவே அடிச்சிடுங்க. இன்னொரு தப்பு வெளிய வந்தா உங்களை வேலைக்கு வச்சுக்க முடியாதுன்னுட்டாங்க.”

வாசித்தாள். கணவன். மனைவி. பெண் குழந்தை, வயது நாலு இருக்கலாம். குறிப்பு: தினமும் ஆறு மணிக்கு ஓடும் சத்தம் கேட்கிறது.

திரும்ப வாசித்தாள்.

நான்கு வருடம் முன்பு, பழைய ஊரின் ஆஸ்பத்திரியில், ஒரு துணிப் பொதியை அவள் கையில் ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அழாமல் பிறந்த பெண். எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. அந்த மாதமே இங்கே குடிவந்தார்கள்.

சிவப்புப் பேனா இன்னும் கையில் இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு கோடு போட்டால் போதும்.

“மூணு பேர்தானே?” என்றார் அவர். “எனக்கெங்க தெரியும், நீங்கதான் வீட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டீங்களே.”

“மூணு பேர்தான் சார்.”

“அப்ப பாப்பா பேரை எழுதிடுங்க. அந்தக் கட்டம் காலியா கிடக்கு.”

சிவப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தாள். நான்கு வருடமாக யாரும் கேட்காத பெயர் அது. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று மெதுவாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வரும்போது ஆறு தாண்டியிருந்தது. நாலாவது மாடிப் படியில் கீழ்வீட்டுக்காரி வாளியோடு வழிமறித்தாள். இதுவரை தலையாட்டலோடு சரி, பேசியதில்லை.

“உங்க வீட்டுக் கணக்குக்கு என்கிட்டதான் வந்தாங்க. பொண்ணுக்கு நாலுன்னு குத்துமதிப்பா சொல்லிட்டேன். சரிதானே?”

“சரிதான்.”

“நல்ல வாண்டுங்க. என் தலைக்கு மேலயே பந்தயம் ஓடுறா. ஆனா தப்பு சொல்ல மாட்டேன், குழந்தைன்னா ஓடத்தான் செய்யும். இப்பத்தான் நிறுத்தினா. அம்மா படியேறுற சத்தம் கேட்டுடுச்சு போல.”

அவள் மேலே ஏறினாள். ஐந்நூற்றிரண்டு. காலையில் தான் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. சாவியை நுழைத்தாள். திருப்பவில்லை.

மற்ற வீடுகளில் செய்வது போல, முதலில் கதவை இரண்டு முறை தட்டினாள்.