தடாகக் கதவின் மூன்று பூட்டுகள்

ஒரு கதவு, மூன்று பூட்டுகள், மூன்று திறப்புகளும் மூன்று பேரிடம். யாருடைய பூட்டையும் அகற்றக் கூடாது. ஆனால் ஒருவர் தனியாக வந்தாலும் கதவு திறக்க வேண்டும். முகைதீன்பாவா நான்கு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருந்தார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம், வெள்ளம் வடிக்கும் வான்கதவுகளைப் பழுதுபார்த்தவர் அவர். பெரிய குளங்களையே திறந்து மூடியவருக்கு இந்த மரக்கதவு பிடிபடவில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்தது நீச்சல் தடாகம். ஓய்வுபெற்றவர்களுக்கென்று ஒரு கம்பனி தன்னாமுனை வாவிக்கரையில் கட்டிய இருபத்து நான்கு வீடுகளுக்கும் அது பொது. அவருடைய மனைவி றஸீனாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிக் காயம் ஆறியிருந்தது. தினமும் அரை மணித்தியாலம் தண்ணீருக்குள் நடக்க வேண்டும், இந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் கால் இறுகியே போய்விடும் என்று வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். நான்கு நாட்களில் அவள் ஒரு தடவைதான் இறங்கினாள்.

"வாவி சும்மாதானே கிடக்கு. அதுல இறங்கி நடக்கட்டா?"

"முதலை இரிக்கி."

"அது ஒண்டுதானே. இஞ்ச மூணு பேரிட்டயெல்லா கேக்க வேண்டிக் கிடக்கு."

வீட்டு உறுதிப் பத்திரங்களில் மதில் முதல் மாமரம் வரை எல்லாம் எழுதியிருந்தது. தடாகத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. கட்டியது நாங்கள், கையளிக்கும்வரை எங்களுடையது என்று கம்பனி முகாமையாளர் ஸியாம் முதல் பூட்டைப் போட்டார். விளம்பரத்தில் தடாகத்தைக் காட்டித்தானே வீடு விற்றீர்கள் என்று குடியிருப்பாளர் சங்கத் தலைவர் நல்லரத்தினம் இரண்டாவதைப் போட்டார். முதலாம் வீட்டு அன்னப்பூரணி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்; காணியின் பழைய சொந்தக்காரியும் அவர்தான். அந்தத் துண்டை நான் எழுதிக்கொடுக்கவேயில்லை என்று மூன்றாவதை அவர் போட்டார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு அடுத்த வருடத்துக்குத் தவணை போட்டு ஒத்திவைக்கப்பட்டது.

மூன்று பூட்டுகளையும் பக்கம் பக்கமாகப் போடும் யோசனை நல்லரத்தினத்துடையது. அவர் வங்கி முகாமையாளராக இருந்தவர். "பேங்கில பெட்டக அறை இப்பிடித்தான். ஒராள் தனியத் திறக்க ஏலாது" என்றார் பெருமையோடு. பெட்டக அறை ஆட்கள் உள்ளே போகாமல் இருப்பதற்காகக் கட்டப்படுவது என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூவரும் வாழ்நாள் முழுக்கத் திறப்பு வைத்திருந்தவர்கள். திறப்புக் கையில் இருந்தது, அது போதுமாயிருந்தது.

ஏறாவூரிலிருந்து ஸியாம் ஒன்பது மணிக்கு வருவார். அப்போது அன்னப்பூரணி கோயிலில் இருப்பார். அவர் திரும்பி வரும்போது நல்லரத்தினம் நித்திரை.

"சேர், உங்கட பூட்டக் கொஞ்ச நாளைக்குக் கழட்டேலாதா?" என்று முகைதீன்பாவா நல்லரத்தினத்திடம் கேட்டுப் பார்த்தார்.

"கழட்டினா உரிமைய விட்டிட்டன் எண்டு கோட்டில சொல்லுவாங்க காக்கா. முதல்ல ஸியாம் கழட்டட்டும்" என்றார் நல்லரத்தினம். அங்கே எல்லோருக்கும் முகைதீன்பாவா காக்கா, அதாவது அண்ணன்.

"மிஸ் கழட்டினா நானும் கழட்டுறன்" என்றார் ஸியாம்.

"நான் கழட்டினா அடுத்த நாளே நல்லரத்தினம் தன்ட பேர்ப்பலகைய அடிச்சிருவார்" என்றார் அன்னப்பூரணி.

ஐந்தாம் நாள் கரையில் கட்டியிருந்த தோணி ஒன்று வாவியில் மிதந்து போனது. கட்டியிருந்த சங்கிலியில் ஒரேயொரு கண்ணி அறுந்திருந்தது. முகைதீன்பாவா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். வான்கதவைத் தூக்கும் சங்கிலியில் அவர் முப்பது வருடம் பயந்தது இதற்குத்தான்: எந்தக் கண்ணி விட்டாலும் முழுச் சங்கிலியும் விட்டுவிடும். அந்தக் குறைதான் இப்போது அவருக்குத் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூவரையும் கதவடிக்கு அழைத்தார். பூட்டு எதுவும் போகாது, இடம்தான் மாறும் என்று சொல்லி அவரவர் திறப்பாலேயே மூன்று பூட்டுகளையும் கழற்றுவித்து, கதவு வளையத்திலும் நிலை வளையத்திலும் ஒரு சங்கிலியைக் கோத்தார். அதன் ஒரு முனையில் ஸியாமின் பூட்டு, அதன் வளைவுக்குள் நல்லரத்தினத்தின் பூட்டு, அதற்குள் அன்னப்பூரணியின் பூட்டு. மறுமுனை எட்டுவதற்கு நாலு விரல் குறைந்தது. சங்கிலியை அவர் அளந்துதான் வெட்டியிருந்தார்.

"அடடே, குறையுதே. என்ட பூட்டொண்டு இரிக்கி, இடையில போடட்டா?"

"காக்கா, நீங்களும் உரிமை கேக்கப் போறீங்களோ?" என்றார் அன்னப்பூரணி.

"இல்ல மிஸ். இது சும்மா ஒரு கண்ணி."

உரிமை கோராத பூட்டுக்கு ஆட்சேபம் இல்லை என்று நல்லரத்தினம் குறிப்புப் புத்தகத்தில் எழுத, மூவரும் கையெழுத்திட்டார்கள். நாலாவது பூட்டையும் கோத்த பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே திறந்து பார்த்தார்கள். கதவு தன் திறப்புக்குத்தான் கட்டுப்படுகிறது என்று ஒவ்வொருவருக்கும் திருப்தி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு றஸீனா நாலாவது பூட்டைத் திறந்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள். விஷயம் இவ்வளவுதான்: பூட்டுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டால் எல்லாத் திறப்பும் வேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தால் ஏதாவது ஒன்று போதும்.