இரண்டு கிளைக்கும் நோகாமல்

தனுசியாவுக்கு யாருடைய மனத்தையும் நோகடிக்கத் தெரியாது. கலியாண வீட்டில் இரண்டு பக்கத்தாரும் சாப்பிடக் கூப்பிட்டால், இரண்டு பந்தியிலும் இருந்துவிட்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளை. அவளிடம் போய்த்தான் பழைய மாணவர் சங்கம் நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கான இணையத்தளத்தைக் கொடுத்தது.

மானிப்பாய்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் அது. பழைய மாணவர்கள் ஊரில் இருப்பதைவிட வெளியில் அதிகம். தளத்தை ஏற்றி வைக்க லண்டன் கிளை இனாமாக ஒரு சேர்வர் தந்தது. அதைக் கேள்விப்பட்ட ரொறன்ரோ கிளை தானும் ஒன்று தந்தது. தலைவர் செல்வத்துரை மாஸ்ரர் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

"ரெண்டிலையும் ஓடவேணும் பிள்ளை. ஒண்டை விட்டால் அந்தக் கிளை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியும்."

"ஓம் சேர்."

"வடிவாய்ச் செய். அடியிலை உன்ரை பேர் போடுவம்."

அந்தப் பேருக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள். கம்பஸ் படிப்பு முடித்து ஒன்றரை வருடம். கொழும்புக் கம்பனிகள் எல்லாம் செய்து முடித்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லின. காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

இரண்டு சேர்வரிலும் பக்கங்களை ஓட்டிக் காட்டியவை போட்டிக் கம்பனிகள் இரண்டின் மென்பொருள் தளங்கள். நிரல் எழுதும் மொழி ஒன்றுதான். ஆனால் இரண்டு கம்பனியும் அதில் தங்கள் பங்குக்குச் சொந்தக் கட்டளைகளைச் சேர்த்துவிட்டிருந்தன. ஒன்றின் சொந்தக் கட்டளை மற்றதுக்கு விளங்காது. விளங்காவிட்டால் பக்கத்தையே காட்டாது.

இது தனுசியாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன, லண்டனிலிருந்து சுபாஸ்கரன் அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, எங்கடை தளத்திலை ஒரு வரி எழுதினால் படமெல்லாம் பக்கம் புரட்டுற போட்டோ அல்பமாய் வரும். கட்டாயம் அந்த வரியைப் பாவியும்." அடுத்த நாள் ரொறன்ரோவிலிருந்து றஜிதா அக்கா. "எங்கடையிலை ஒரு வரி போட்டால், ஆக்கள் வாழ்த்து எழுதுற பலகை வரும். போடாமல் விட்டிடாதையும்." இருவருக்கும் ஓம் என்றாள். இரண்டையும் முகப்பிலேயே போட்டாள். அல்பத்தை லண்டனிலும் பலகையை ரொறன்ரோவிலும் தனித்தனியே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டாள்.

விழாவுக்கு நாலு நாள் இருக்க, எல்லாவற்றையும் ஒரே பக்கமாக்கி இரண்டு சேர்வரிலும் ஏற்றினாள். இரண்டு இடத்திலும் வெள்ளைப் பக்கம்.

"இருபது வருசத்திலை இப்பதான் ரெண்டு கிளையும் ஒரே முறைப்பாடு சொல்லுது," என்றார் மாஸ்ரர். குரலில் கொஞ்சம் சந்தோசம்கூடத் தெரிந்தது.

தனுசியா இரண்டு சொந்தக் கட்டளையையும் பிடுங்கி எறிந்தாள். ஒரு வரியில் முடிகிறதை, இரண்டு தளத்துக்கும் தெரிந்த பொதுக் கட்டளைகளில் இருநூறு வரியாக எழுதினாள். மூன்றாம் நாள் இரண்டிலும் ஓடியது. சுபாஸ்கரன் அண்ணை தங்கள் தளத்தின் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தார். றஜிதா அக்கா தங்களுடையதைப் புகழ்ந்தார். இரண்டுக்கும் ஓம் போட்டாள்.

விழாக் காலை, மண்டபத்தில் மாஸ்ரரிடம் போய்ப் பேர் போடுவதைக் கேட்டாள்.

"அது பிள்ளை... உன்ரையை மட்டும் போட்டால் கிளைக்காரருக்கு நோகுமாம். அவையின்ரையைப் போட்டால் ஆர் முதல் எண்டு சண்டை. அதாலை ஒருத்தரின்ரை பேரும் வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டம். நீ ஒண்டும் நினைக்கமாட்டாய் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

அது தனுசியாவுக்குச் சுட்டது. வழக்கம்போல் ஓம் வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"நினைக்கிறன் சேர். எனக்குச் சரியான கோவம்."

மேசையில் மடிகணினியைத் திறந்தாள். பக்கத்தின் அடியில் ஒரே வரி அடித்தாள்: ஆக்கம் – தனுசியா தம்பிராசா, மானிப்பாய். இரண்டு சேர்வருக்கும் அனுப்பினாள்.

"லண்டனுக்கு நோகுமே பிள்ளை?"

"நோகும் சேர்."

"ரொறன்ரோவுக்கும்..."

"அவைக்கும் நோகட்டும்."

ஐந்து நிமிடத்தில் அவள் கைபேசி அடித்தது. றஜிதா அக்கா. தனுசியா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், விருந்தினருக்குப் போட்டிருந்த முன்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்தாள்.