கை தவறிய முனை

அந்த ஆண்டு தாஸ்மேனியா ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே நகர்ந்தது. உருளைக்கிழங்கும் கொஞ்சம் விலை ஏறியது. நகர்வது புதிதல்ல. அக்கரையில், அதாவது ஆஸ்திரேலியப் பெருநிலத்தில், யாராவது நாட்டின் படத்தை வரைந்து கீழே கிடக்கும் இந்தத் தீவை விட்டுவிட்டால், தீவு நூறு அடியோ இருநூறு அடியோ விலகிப் போகும். பள்ளிப் புத்தகம், விளையாட்டுச் சின்னம், பிறந்தநாள் கேக் என்று எதில் விட்டாலும் அப்படித்தான். தலைநகர் ஹோபார்ட்டில் இதற்காக யாரும் கூட்டம் போட்டதில்லை. இன்னொரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த முறை விட்டது ஒரு துணி ஆலை. பாத்திரம் துடைக்கும் துண்டில் நாட்டின் படம் போட்டு நாற்பதாயிரம் அச்சடித்தார்கள். கங்காரு இருந்தது, தீவு இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத் துண்டு விற்ற வேகத்தில் தீவும் ஓடியது. நடுக்கோடையில் டெர்வென்ட் ஆற்றின் ஓரங்கள் உறைந்தன. துறைமுகத்து மீன் படகுகளின் முன்னால் பெங்குவின்கள் வரிசையில் நின்றன, ஊர்க்காரர்களைவிட ஒழுங்காக.

துறைமுகத்தை ஒட்டிய பயணியர் தகவல் மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த க்ளெனிஸ் பாண்டிக்குக்குக் குளிர் பொருட்டில்லை. அவள் மகள் மெரின் மெல்பர்னில் நிறைமாதமாக இருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஆறு தலைமுறையாக யாரும் அக்கரையில் பிறந்ததில்லை. இந்தக் குழந்தையும் பிறக்கக் கூடாது என்பதில் தாயும் மகளும் ஒரே பிடிவாதம். விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டதால் மெரின் கப்பலேறினாள். பத்து மணி நேரத்தில் கடக்கும் கடலில் கப்பல் மூன்றாம் நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

"கரை தெரியுதும்மா, கிட்ட வரத்தான் மாட்டேங்குது" என்றாள் மெரின் தொலைபேசியில். "பக்கத்து சீட்டு சிட்னிக்காரன், எங்கள பாத்து ஏன் இப்படி ஓடுறீங்கங்கறான்."

"அவன் மேலயே வாந்தி எடு. வலி இருக்கா?"

"இன்னும் இல்ல."

அன்று மதியம் ஒரு சுற்றுலாக் கப்பல் ஹோபார்ட்டுக்கு வந்து ஆயிரம் பேரை இறக்கியது. அண்டார்டிகாவிலிருந்து வந்ததால் அதற்குப் பயணம் மிச்சம். க்ளெனிஸ் வழக்கமானதைச் சொன்னாள்: பின்னால் இருப்பது மலை, முன்னால் இருப்பது ஆறு, சனிக்கிழமை சந்தை, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தை ஆறவைத்துச் சாப்பிடுங்கள், வாய் வெந்தால் நாங்கள் பொறுப்பல்ல. பிரிஸ்பேன்காரி ஒருத்தி புதுத் துண்டொன்றை மேசையில் விரித்து, "இதுல இப்ப நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டாள்.

க்ளெனிஸ் தடித்த பேனாவை எடுத்து, கங்காருவின் காலுக்குக் கீழே தீவை வரைந்து தலைநகருக்கு ஒரு புள்ளியும் வைத்தாள். தரை ஒரு முறை குலுங்கியது. தேநீர்க் கோப்பை மேசையின் தெற்கு விளிம்புக்கு நழுவியது.

அடுத்த நாற்காலியில் பேருந்து அட்டவணை கொடுக்கும் டெஸ் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, "க்ளெனிஸ், இன்னொன்னு போடு" என்றான்.

துண்டு வைத்திருந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். டெஸ்ஸும் வரைந்தான்.

"ஏண்டா, இது தீவா உருளைக்கிழங்கா?"

"கோப்பை நகருதா இல்லையா, அத பாரு."

நகர்ந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தீவு வடக்கே ஓர் எட்டு வைத்தது. பெங்குவின்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தன. முந்நூற்றுப் பதினோராவது துண்டில் க்ளெனிஸ் வடகரையை வரைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சும்மா. இன்னும் நாப்பது கிலோமீட்டர் இருக்காம்."

க்ளெனிஸின் கை இழுத்துவிட்டது. வடகரையிலிருந்து ஒரு கோடு மேலே ஓடி, கங்காருவின் கட்டைவிரலைத் தொட்டு நின்றது.

"துண்டை வீணாக்கிட்டீங்களே" என்றார் துண்டுக்காரர்.

வடக்கே கடலுக்குள்ளிருந்து நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்முனை ஒன்று எழுந்தது. கப்பல் அதன் மேல் கோழி உட்காருவதுபோல உட்கார்ந்தது. சிட்னிக்காரனும் கப்பல் சமையல்காரரும் மெரினைச் சாய்வு நாற்காலியோடு இறக்கினார்கள். மூன்றே முக்காலுக்கு, ஈர மணலில், பெண் குழந்தை பிறந்தது. பிறந்த இடம் தாஸ்மேனியா என்று பதிவாளர் எழுதினார். எந்த ஊர் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்.

மீதித் துண்டுகளிலும் வரைந்து முடித்தபோது தீவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கொஞ்சம் இடது பக்கமாக. அடுத்த வாரமே நகராட்சி முனையில் ஒரு பெஞ்சும், கடற்காக்கைகளுக்காக மூடிபோட்ட குப்பைத்தொட்டியும் வைத்தது. கடல் வற்றும் நேரத்தில் அங்கே மீன் நன்றாகக் கடிக்கிறது. படத்தைப் பார்த்து அது என்ன கோடு என்று கேட்கும் பயணிகளிடம் க்ளெனிஸ், "கை தவறிடுச்சு" என்கிறாள். டெஸ் அங்கே போகும் பேருந்தின் அட்டவணையை எடுத்து நீட்டுகிறான்.