பின்கண்ணாடி உடைந்த விதம், ஆறு வரிகளுக்குள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டத்திலிருந்து கிடைத்தது. வண்டி இன்சூரன்ஸ் கிளெயிம் ஃபாரத்தின் இரண்டாம் பக்கத்தில், பாலிசி எண்ணுக்கும் கையெழுத்துக்கும் நடுவே இருக்கிற கட்டம். அதன் தலையில் இப்படி அச்சிட்டிருந்தது: 'சம்பவம் நடந்த விதத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' கீழே ஆறு கோடுகள்.

"நீதான் எழுதறவளாச்சே, இதையும் எழுதிக் குடு" என்று அந்த ஃபாரத்தை என் பக்கம் தள்ளினாள் ஒருத்தி. புதன்கிழமை சாயங்காலம். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் பாதியை மடிக்காத கேக் அட்டைப்பெட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

"சொந்த வார்த்தைன்னு போட்டிருக்கே. உன் வார்த்தையில்ல வேணும்?"

"என் வார்த்தைய நான் சொல்றேன். நீ அதுக்கு சட்டை மாட்டிவிடு. படிக்கிறவன் மறுபேச்சு பேசக் கூடாது."

சொன்னாள். எழுத ஆரம்பித்தேன். ஆறு கோட்டுக்குள் நிற்கவில்லை. வழிந்ததைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வீட்டு வாசலில் நின்ற எங்கள் வண்டியின் டிக்கியை மூடும்போது, உள்ளே இருந்த கேக் ஸ்டாண்டின் கம்பி பின்கண்ணாடியில் பட்டு —'

'பட்டு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கம்பி தானாக எழுந்து போய்ப் படுமா? கதவுதானே வந்து அதன் மேல் இறங்கியது?

இரண்டாம் தொடக்கம்: 'டிக்கியை மூடினேன். கண்ணாடி உடைந்தது.'

இது சுத்தமாக இருக்கிறது. சுத்தமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவிலிருக்கும் இடத்தில் ஒரு முழு ஆள் ஒளிந்துகொள்ளலாம்.

மூன்றாம் தொடக்கம்: 'என் கணவர் கேக் செய்பவர்.'

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இது வேண்டாத சேதி. உங்களுக்கு வேண்டும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அவள் கணவர் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். கல்யாணம், பிறந்தநாள், ஆபீஸ் விருந்து. ஃபோனில் ஆர்டர் எடுப்பது, பெட்டி மடிப்பது, கிரீம் அப்பிய பாத்திரங்களை வெந்நீரில் ஊற வைத்துக் கழுவுவது, வண்டியின் இன்சூரன்ஸை மறக்காமல் புதுப்பிப்பது, எல்லாம் அவள். கேக்கைத் தொடுவது மட்டும் அவர். கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான்.

வண்டியில் முன்சீட்டு கேக்குக்கு. பெல்ட் போட்டு, பக்கத்தில் துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்து, பெண் அழைத்துப் போவதைப் போலக் கொண்டுபோவார். மனிதர்கள் யார் ஏறினாலும் பின்சீட்டுதான்.

அவளுடைய தங்கைக்கு அந்த வழியில்தான் ஆபீஸ். எட்டு மாதமாகக் காலையில் அந்தப் பின்சீட்டில் போகிறாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைத்தான் அவளும் எட்டு மாதமாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் டெலிவரி முடித்து வந்து முட்டை அடித்துக்கொண்டிருந்தவர், தனக்குத் தானே சிரித்தார். தோள் குலுங்கியது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காலையில உன் தங்கச்சி ஒண்ணு சொன்னா."

"என்ன சொன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல, இப்ப சொன்னா அவ்வளவு நல்லா இருக்காது. அந்த நேரத்துக்கு அது சிரிப்பா இருந்துச்சு."

ஊற வைத்த பாத்திரத்தில் தண்ணீர் ஆறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தாள்.

[இந்த இடத்தில் 'சந்தேகம்' என்று எழுதி அடித்துவிட்டேன். சந்தேகமாக இருந்தால் வழி உண்டு. கேட்கலாம், சண்டை போடலாம், ஃபோனை எடுத்துப் பார்க்கலாம். அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பேரையும் அவள் முழுசாக நம்பினாள். அந்த அரை மணி நேரப் பயணத்தில் அவர் வேறு ஆளாக, வீட்டுக்குக் கொண்டுவர முடியாத ஓர் ஆளாக இருக்கிறார் என்பதுதான் அவளை அரித்தது. அதற்குப் பெயர் பொறாமை. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது?]

4

திங்கட்கிழமை மழை. வங்கியில் ஒரு வேலை இருந்ததால் அவளும் வண்டியில் ஏறினாள். அன்றைக்குத் தங்கை லீவு. கேக்கை எடுத்துவர அவர் உள்ளே போயிருந்தார். பின்சீட்டில் அவள் மட்டும். மூச்சுக்காற்றிலேயே கண்ணாடிகள் எல்லாம் வெளுத்துக்கொண்டு வந்தன.

எதற்கோ திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடியின் வெள்ளைப் பூச்சுக்குள் ஒரு பூனை.

காது இரண்டும் ஒரே இழுப்பில், வால் நுனியில் ஒரு சுழி. தலையில் சமையல்காரர்கள் போடும் உயரத் தொப்பி. விரலால் வரைந்தது.

அந்தப் பூனையை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். தங்கையின் கணக்கு நோட்டு ஓரத்தில் இருந்தது. இவளுடைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கூட இருந்தது. ஆனால் தொப்பி புதுசு. தொப்பி அவருக்காக.

உள்ளங்கையால் துடைத்தாள். போயிற்று. இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஆவி படிந்தபோது, அதே இடத்தில், கொஞ்சம் கலங்கலாக, திரும்பி வந்தது. கண்ணாடியில் ஒரு தடவை விரல் பட்டால் அதன் எண்ணெய் அப்படித்தான். ஆவி வரும்போதெல்லாம் எழுந்து உட்காரும்.

அவர் வந்து கேக்குக்கு பெல்ட் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"பின்னால ஒண்ணுமே தெரியலையே. ஆவி போறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்குல்ல, அதப் போடுங்க" என்றாள்.

"வேணாம், தானா போயிடும்" என்றார் அவர், முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே.

எத்தனை மழைக்காலையில் அந்தச் சுவிட்சைப் போடாமல் ஓட்டியிருக்கிறார்? வங்கியில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

5

செவ்வாய்க்கிழமை.

மூன்று தட்டு கேக்குக்கு இரும்பு ஸ்டாண்ட் ஒன்று உண்டு. நடுவில் நீளமாக ஒரு கம்பி. டிக்கியில் அதைப் பழைய போர்வை விரித்துப் படுக்க வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் கதவு இறங்கும்போது கம்பி முனை கண்ணாடியில் போய் முட்டும். அந்த வீட்டில் இது பால் பொங்கினால் அடுப்பை அணைப்பது மாதிரி, யோசித்துச் செய்கிற வேலை இல்லை. ஏழு வருஷமாக அவள்தான் படுக்க வைக்கிறாள்.

அன்றைக்குச் சாய்த்து வைத்தாள். கதவை மூடினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. அரிசி மூட்டை அவிழ்ந்த மாதிரி ஒரு சரசரப்பு. கண்ணாடி மொத்தமும் கல்கண்டு கல்கண்டாக நொறுங்கியது. ஆனால் உள்பக்கம் ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிம், ஒரு துண்டையும் கீழே விழவிடாமல் பிடித்துக்கொண்டது.

அவர் மாவுக் கையோடு ஓடிவந்தார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. "கையில பட்டுச்சா? காட்டு" என்றார். இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் திட்டியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். ஃபுல் பாலிசி, பின்கண்ணாடியும் அதில் அடக்கம் என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ஆனா மேடம், சர்வேயர் வந்து பாக்கற வரைக்கும் கண்ணாடிய எடுத்துடாதீங்க. துடைக்கக் கூட வேணாம். அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. புதன்கிழமை காலை ஜன்னலிலிருந்து பார்த்தாள். இரவு பெய்த மழையில் வண்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. மழைக்காக மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைக்கு அடியில், ஆயிரம் துண்டாக, பூனை. தொப்பியோடு.

6

இதுவரை ஒரு பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். 'ஒருத்தி', 'அவள்', 'தங்கை' என்று எல்லாரையும் எட்ட நிறுத்தி எழுதினேன். அவள் என் அக்கா. தங்கை நான். பூனை என்னுடையது.

[திரும்பிப் போய் மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் திருத்தலாம் என்று பார்த்தேன். 'தங்கை' என்ற இடத்தில் 'நான்' என்று போட்டால் வாக்கியம் பல் இளித்தது. விட்டுவிட்டேன்.]

அந்தப் புதன்கிழமை மேஜையில் அக்கா சொன்னதில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். மீதி இது.

"கம்பி நீட்டிக்கிட்டு இருந்ததப் பாத்தேன்னு நினைக்கிறேன்டி" என்றாள், ஒரு பெட்டியை எடுத்து மடித்துக்கொண்டே. "மூடறதுக்கு முன்னால. ஒரு அரை செகண்டு."

"நினைக்கிறியா, பாத்தியா?"

"அதான் தெரியல. அத எழுதினா குடுப்பாங்களா?"

"தெரிஞ்சே உடைச்சதுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"குடுக்கலைன்னா ஏன்னு உங்க அத்தான் கேப்பாரே." பெட்டியின் காதைத் துளைக்குள் சொருகினாள். "அவர்ட்ட நான் என்னன்னு சொல்ல? பூனையப் பாத்தேன்னா?"

நான் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொப்பி எதுக்குடி போட்ட?"

"சும்மா" என்றேன்.

அக்கா இன்னொரு பெட்டியை எடுத்தாள். "நானும் சும்மாதான் மூடினேன்."

7

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் நல்லவளாகிக்கொண்டே போகிறேன். கடைசியாக ஒரு தடவை, அழகு பார்க்காமல்:

அக்கா வீட்டில் எனக்குப் பிடித்த சத்தம் ஒன்று உண்டு. அத்தான் முட்டை அடிக்கும் சத்தமும், அவள் அட்டை மடிக்கும் சத்தமும் மாறி மாறி வரும். நடுவில் ஒரு பேச்சும் இருக்காது. பேச்சே தேவைப்படாத அளவுக்கு ஒருவர் பக்கத்தில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் பேசியாக வேண்டும், சிரிக்க வைத்தாக வேண்டும், அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அக்காவைப் பார்த்து நான் —

அக்காவிடம் இருப்பது எனக்கு —

எல்லாரும் கேக்கைப் பார்க்கிற வீட்டில், பெட்டி மடிக்கிறவளைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள். அவ்வளவுதான். கண்ணாடியில் விரல் பட்டால் மறுபடி மறுபடி எழும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் வரைந்தேன். கண்ணாடியை உடைத்ததற்கு ஆறு கோடு கொடுத்துக் கேட்கிறார்கள். இதை என்னிடம் கேட்க எந்த ஃபாரமும் இல்லை. [அதனால்தான் இத்தனை பக்கம்.]

8

ஃபாரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அக்காவே ஃபாரத்தைப் பிடுங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினாள். ஆறு கோட்டையும் நிரப்பினாள் என்பது பேனா நகர்ந்த சத்தத்தில் தெரிந்தது. மடித்து உறைக்குள் போட்டு எச்சில் தடவி ஒட்டினாள்.

வியாழக்கிழமை சர்வேயர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, வெளியிலிருந்து நான்கு, உள்ளிருந்து நான்கு என்று ஃபோட்டோ எடுத்தார்.

"உள்ள ஏதோ வரைஞ்சிருக்கே மேடம்."

"பூனை" என்றாள் அக்கா.

"கொழந்தைங்க இருந்தா இப்படித்தான். எங்க வீட்லயும் சுவரெல்லாம் யானை."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமா, ஒண்ணு இருக்கு" என்றாள்.

அத்தான் சிரித்தார். அக்காவின் பேச்சுக்கு, அக்காவைப் பார்த்து. அவள் அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கவனித்தேன்.

அதே மாதத்தில் கிளெயிம் பாஸாகிவிட்டது. ஒர்க் ஷாப்பில் உடைந்ததை ஃபிலிமோடு பாய் மாதிரி சுருட்டி எடுத்துவிட்டு, புதுக் கண்ணாடியை ஒட்டி, ஒரு நாள் முழுக்க டிக்கியைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவள் என்ன எழுதினாள்? எனக்குத் தெரிந்த முடிவுகள்:

'கவனக்குறைவாக மூடிவிட்டேன்' என்று எழுதினாள், கம்பெனி ஒத்துக்கொண்டது. இதைத்தான் நீங்கள் நம்புவீர்கள். நானும் பகலில் இதைத்தான் நம்புகிறேன்.

அல்லது அரை செகண்டு, பூனை, சுவிட்ச் எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். அதைப் படித்தவர் எங்கோ ஒரு மேஜையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு 'விபத்து' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். இது நடக்காது. ஆனால் இந்த முடிவில் அந்த முகம் தெரியாத ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று எழுதி, கிழித்துவிட்டேன். அதில் நான் அழுகிறேன், அக்கா என் தலையைத் தடவுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படியெல்லாம் தடவுவதில்லை.

9

இப்போது டெலிவரிக்கு அக்கா போகிறாள். "எனக்கும் லைசென்ஸ் இருக்கில்ல, நீங்க கொஞ்ச நாள் ஃபோன் எடுங்க" என்று ஒரே வாக்கியத்தில் மாற்றிவிட்டாள். அத்தான் இப்போது பெட்டி மடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். கோணலாக வருகிறது.

"நான் பஸ்ல போய்க்கறேன்க்கா" என்றேன்.

"ஏன், என் வண்டி ஓடாதா? ஏறு."

இன்று காலை மழை. முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு இரண்டு தட்டு கேக். பின்சீட்டில் நான். சிக்னலில் நிற்கிறோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை. புதுக் கண்ணாடி மெல்ல வெளுக்கிறது. வெளுத்து முடிந்ததும் திரும்பிப் பார்க்கிறேன். அதில் ஒன்றுமே இல்லை.

என் விரல் மேலே போய்விட்டது. சத்தியமாக, நான் யோசிக்கவில்லை.

முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில் அக்காவின் கண்கள். அவளுடைய விரலும் எழுந்து, ஆவி போக்கும் சுவிட்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தவில்லை.

"என்ன?" என்கிறாள்.

"ஒண்ணுமில்ல."

சிக்னல் மாற இன்னும் ஒன்பது வினாடி என்கிறது சிவப்பு எண். என் விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் அங்குலம். கீழே ஆறு கோடு விட்டிருக்கிறேன். உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.

..............................

..............................

..............................

..............................

..............................

..............................