அவருக்கு ஒரு குடம் தண்ணி

சிதம்பரத்தில் அந்த வீட்டுக்குக் குடிபோன அன்றே செம்பியனுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே குடியிருந்த இருசம்மாள் தட்டுமுட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சிங்காரம் வயரிங் வேலை செய்தவர். நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. லாரியில் ஏறப்போனவள் சட்டென்று திரும்பி ஓடிவந்து செம்பியனின் மனைவி பொன்னியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கத்து முருங்கை மரத்தைக் காட்டி என்னவோ சொன்னாள், ஓவென்று அழுதாள். டிரைவர் வேறு வண்டியை உறுமவிட்டுக்கொண்டே இருந்தான்.

லாரி தெருமுனை திரும்பியதும் செம்பியன் கேட்டான். "என்னா சொல்லுச்சி அந்தக்கா?"

பொன்னியின் முகம் வெளுத்திருந்தது. "முருங்க மரத்தாண்ட அவருக்குத் தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்த மறந்துடாதம்மான்னு சொல்லுச்சி மாமா."

"எவருக்கு?"

"அவருக்குதான். செத்துப்போனாரே, அவருக்கு."

செம்பியன் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் வாத்தியார். வகுப்பில் எவனாவது பேய் பிசாசு என்று வாயைத் திறந்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுகிற ஆள். "அழுவுற பொம்பள ஆயிரம் சொல்லும். அதுக்காவ நாம தண்ணி சொமக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் புத்தகப் பெட்டியை அவிழ்க்கப் போனான். அது இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதம். மழை பெய்து ஓய்ந்த மண், முருங்கையடியில் இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது.

பங்குனி பிறந்ததும் வீடு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, எரிய மனமில்லாமல் அணையும். குண்டு பல்பு மங்கிப்போய், வெளிச்சத்தைவிட நிழலைத்தான் ஜாஸ்தி கொடுத்தது. ஃபேன் நோயாளி மாதிரி சுற்றும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ் கதவைத் தொட்டால் சுர்ரென்றது. பிறகு மோட்டார் பைப். ஒருநாள் குளியலறைக் குழாயே பொன்னியின் கையைக் கடித்தது.

"ஷாக் அடிக்கிற மாதிரி இல்ல மாமா. உள்ளேருந்து யாரோ வெரலால சுண்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

எலக்ட்ரீஷியன் லூர்துசாமி மூன்று தடவை வந்தார். அவருக்கு உலகத்தில் உள்ள அத்தனை கோளாறுக்கும் ஒரே பெயர்தான், லூஸ் கான்டாக்ட். நாலு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். வீட்டுச் சொந்தக்காரர் சபாபதி அடுத்த வீட்டிலேயே இருந்தார். வயரை மாற்றச் சொன்னால் போதும், அவருக்குக் காது கேட்காமல் போய்விடும். "பழைய வூடுன்னா அப்டி இப்டிதான் இருக்கும் வாத்தியாரே. சிங்காரம் அஞ்சி வருஷம் இருந்தான். கரண்டு சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல" என்பார்.

அந்தச் சித்திரையில் பொன்னிக்கு மூன்று மாதக் கரு கலைந்தது. முதல் பிள்ளை இப்படி ஆவது நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். பொன்னி காதில் வாங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "தண்ணி கேட்டாரு, நாம குடுக்கல" என்றாள். செம்பியன் அதட்டவில்லை. அதட்ட வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் வீடு பழையபடி நல்ல பிள்ளை ஆகிவிட்டது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. வேறு வீடு பார்க்கும் பேச்சும் அதோடு அடங்கியது. மறு பங்குனியில் பொன்னிக்கு மறுபடி நாலாம் மாதம். டியூப் லைட் மறுபடி கண்ணைச் சிமிட்டியது. ஒருநாள் மாலை பொன்னி, பயமா கோபமா என்று அவளுக்கே தெரியாமல், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கையடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். கூடத்துக்குள் நுழைந்தால் டியூப் லைட் பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

மூன்று நாள் ஊற்றிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் புருஷனிடம் சொன்னாள். "குடிக்கிறாரு மாமா."

செம்பியன் நம்பவில்லை. அவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, பல்புக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். சோகை பிடித்தது போல் எரிந்த பல்பு, பின்பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கக் கேட்க, அவன் கண்ணெதிரே மெல்ல மெல்லத் தெளிந்தது. அவன் எழுந்துகொண்டான். இத்தனை வருடம் பெஞ்சு மேல் ஏற்றிய பையன்கள் முகமெல்லாம் ஒருமுறை வந்து போயிற்று.

"ஊத்திக்கிட்டே இருந்துடலாமே?" என்றான்.

பொன்னி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இன்னிக்கித் தண்ணி கேக்குறாரு. நாளைக்கி என்னா கேப்பாரு?"

அதற்குமேல் செம்பியனால் படித்தவனாக இருக்க முடியவில்லை. சபாபதியிடம் சொன்னான். ஒரு முழ வயர் வாங்கித் தர வருடமெல்லாம் யோசித்த மனிதர், மறுநாளே ஒரு குறிகாரரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

சித்திரை வெயில். உச்சிப்பொழுதில்தான் செய்ய வேண்டும் என்றார் குறிகாரர். அப்போதெல்லாம் தினம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஜில்லாவுக்கே கரண்டு கட். ஃபேன் சத்தம்கூட இல்லாத அந்த நேரத்தில் முருங்கையடியை வெட்டினார்கள். இரண்டடி ஆழத்தில் கரி வந்தது. அதன் கீழே உப்பு, மறுபடி கரி, மறுபடி உப்பு.

"பாத்தீங்களா? வம்சம் கரையட்டும்னு உப்பு, கருவட்டும்னு கரி" என்றார் குறிகாரர்.

அதற்கும் கீழே மண்வெட்டி ணங்கென்றது. சிலேட்டு அகலத்தில் பச்சை பிடித்த செப்புத் தகடு. அதிலிருந்து ஒரு தடித்த கம்பி மண்ணுக்குள்ளேயே வீட்டுப் பக்கம் ஓடியது. "வூட்டையே கட்டி வெச்சிருக்கான்" என்று சொல்லிக் குறிகாரர் கம்பியை அரிவாளால் வெட்டினார். தகட்டைத் துடைத்தால் ஆணியால் கீறிய எழுத்து. தமிழ் வாத்தியார்தான் வாய்விட்டுப் படித்தான். "சிங்காரம். பன்னெண்டு, ஆறு, நாலு."

பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரும் தேதியும் வெச்சித் தகடு எறக்கியிருக்காங்க. ஆளு போயிட்டான். தகடு இன்னும் அடங்கல" என்றார் குறிகாரர். வெட்டிய குழியோரம் பூசணிக்காய் உடைத்தார். தகட்டைக் கடலூர்க் கடலில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டியது செம்பியன் வேலை. கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டு, மஞ்சள் தண்ணீரால் வீடு முழுக்கக் கழுவி விடவேண்டியது பொன்னியின் வேலை.

பன்னிரண்டரை மணிக்கெல்லாம் செம்பியன் பஸ் ஏறிவிட்டான். மடியில் மஞ்சள் பை, அதற்குள் தகடு. வெயில் பட்டுச் சுட்டதா, தானாகச் சுட்டதா என்று தெரியவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது அவனுக்கு இருசம்மாள் நினைவு வந்தது. புருஷனைச் செய்வினை வைத்துக் கொன்றிருக்கிறார்கள், பாவம், அவளுக்குத் தெரியாது. நெஞ்சுவலி என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லாமல் கடலில் எறிவது துரோகம் என்று பட்டது. சிங்காரம் பெயருக்கு வந்த இன்சூரன்ஸ் கடிதங்களைத் திருப்பி அனுப்பியதில் முகவரி அவனுக்கு மனப்பாடம். ஓ.டி.யிலேயே இறங்கினான்.

கருவாட்டு வாடை அடிக்கும் சந்தில் வீடு. இருசம்மாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார், பொன்னி நல்லா இருக்குதா?" என்று எழுந்தவள், அவன் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையில் வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது எங்க வூட்டுக்காரர் கையெழுத்தாச்சே. எந்த வேல செஞ்சாலும் பேரக் கீறாம வெக்க மாட்டாரு. இத ஏன் சார் தோண்டுனீங்க?"

செம்பியனுக்குப் புரியவில்லை. "செய்வினைத் தகடுக்கா. உப்பும் கரியும் போட்டு…"

"அந்த உப்பையும் கரியையும் அள்ளி அள்ளிக் குடுத்ததே நான்தான்! இது எர்த்து சார். போஸ்ட்லேருந்து வூட்டுக்கு வர்ற ரெண்டு ஒயர்ல ஒண்ணு செத்துப்போச்சி. மாத்திக் குடுங்கன்னு சபாபதிகிட்ட நடையா நடந்தாரு, அந்தாளு அசையல. வேற வழியில்லாம அந்த ஒயருக்குப் பதிலா பூமிக்குக் குடுத்தாரு. தப்புதான் இருசு, ஆனா மண்ணு ஈரமா இருந்தா ஒண்ணும் ஆவாது, காஞ்சா வூட்ல இருக்குற இரும்பெல்லாம் அடிக்கும்னாரு. அதான் எர்த்துக்குத் தெனம் தண்ணி ஊத்துன்னு பொன்னிகிட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!"

"அவருக்குன்னு இல்ல சொன்னீங்க?"

"எர்த்துக்குன்னு சொன்னேன் சார்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. அன்றைக்குத் தான் அழுத அழுகையும் லாரி உறுமிய உறுமலும் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு கேட்டாள். "கம்பிய என்னா செஞ்சீங்க?"

"வெட்டிட்டோம்."

"ஐயோ! கரண்டு வந்தா அது போறதுக்கு எடமே இல்ல சார். யாராவது தொட்டா அவுங்க வழியாத்தான் எறங்கும்!"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டுக்கு நாலு நிமிஷம். செம்பியன் செல்லை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பொன்னி எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அடித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவன் வாழ்நாளில் கரண்டு வந்ததற்காக அழுதது அன்றுதான்.

"மாமா?" என்றாள் பொன்னி.

"எங்க நிக்கிற?"

"கூடத்துல. எல்லார் வூட்லயும் கரண்டு வந்துடுச்சி மாமா, நம்ம வூட்ல மட்டும் வரல. லைட்டு, பேன் ஒண்ணும் இல்ல. மோட்டார் சுவிட்ச் போட்டேன், ஓடல. பிரிட்ஜுலயாச்சும் லைட்டு எரியுதான்னு தொறந்து பாக்கலாம்னு…"

"தொடாத!"

அவன் போட்ட கூச்சலில் சந்தில் போன ஆள் நின்றுவிட்டான். இருசம்மாள் செல்லைப் பிடுங்கிக்கொண்டாள். "பொன்னி, நான் இருசம்மாக்கா பேசறேன். காலுல செருப்பு இருக்குதா?"

"இல்லக்கா. தரையெல்லாம் மஞ்சத் தண்ணி தெளிச்சிருக்கேன்."

"கட்டில் மரமா, இரும்பா?"

"இரும்பு."

"அதாண்ட போவாத. பிளாஸ்டிக் சேர் இருக்குதா? அதுல ஏறிக் கால மடக்கி உக்காந்துக்க. செவுத்தத் தொடாத. யாரு கூப்ட்டாலும் எறங்காத."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு பொன்னி மெல்லிய குரலில் சொன்னாள். "பின்னாடி ஒரு ஆடு கத்துச்சிக்கா. பாதியிலயே நின்னுபோச்சி."

செம்பியன் அடுத்து லூர்துசாமியைக் கூப்பிட்டான். லூஸ் கான்டாக்ட் என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் எழவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கினார். செம்பியன் தகட்டோடு திரும்பி வந்து சேர்ந்தபோது பொன்னி இன்னும் நாற்காலியிலேயே கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். இறங்கலாம் என்று சொல்லியும் இறங்கவில்லையாம். அவன் தூக்கித்தான் இறக்கினான்.

குழியோரம் சபாபதியின் ஆடு விறைத்துக் கிடந்தது. உடைத்த பூசணிக்காயைத் தின்ன வந்து கம்பி முனையில் வாய் வைத்திருக்கிறது. சினையாடு. சபாபதி அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்கே ஒயர மாத்திப்புடலாம் வாத்தியாரே" என்றார்.

செம்பியனுக்கு அவரைத் திட்டவும் யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. செத்தும் வீட்டைக் காத்துக்கொண்டிருந்த மனிதனின் வேலையைச் செய்வினை என்று படித்துச் சொன்னது அவன் வாய்தானே.

புது வயர் இழுத்தபோது லூர்துசாமி ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியாகத் திறந்தார். ஒவ்வொரு மூடியின் உள்பக்கத்திலும் ஆணியால் கீறியிருந்தது: சிங்காரம். கூடத்தில், அடுக்களையில், குளியலறைக்கு வெளியே. இத்தனை நாளும் அந்தப் பெயர் சுவருக்குள்ளிருந்து தங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது என்று நினைத்தபோது செம்பியனுக்கு உடம்பு சிலிர்த்தது. தகட்டையும் முறைப்படி புதைத்தாயிற்று. "இப்ப எல்லாம் சரியா குடுத்தாச்சி சார். தெனம் தண்ணி சொமக்கற வேல இனி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார் லூர்துசாமி.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. புரட்டாசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, செம்பியன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். கூடத்தில் டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது, அதன் கீழே தூளியில் குழந்தை தூங்கியது. பின்பக்கம் முருங்கையடியில் பொன்னி குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மண் ஏற்கெனவே நனைந்து சேறாகிக் கிடந்தது.

"எர்த்துக்கு இனிமே தண்ணி வேணாம்னு லூர்து சொன்னாரே பொன்னி?"

அவள் திரும்பவில்லை. குடத்தில் இருந்த கடைசிச் சொட்டு வரை விழட்டும் என்று காத்திருந்தாள்.

"எர்த்துக்கு இல்ல மாமா" என்றாள். "அவருக்கு."