இசக்கி சைக்கிளில் ஏறாத சாமான்

குன்னூர்ப் பக்கத்து மலையில் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்தால் ஊருக்குச் சிரிப்புதான் வரும். ஏற்றத்தில் அவன் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறக்கத்தில் சைக்கிள் அவனைத் தள்ளும். ஏறி உட்கார்ந்து நிம்மதியாக மிதிக்கலாம் என்றால் பஸ் ஸ்டாண்டு முன்னால் கொஞ்சம் சமதரை உண்டு, அங்கே பஸ் நிற்கும். இதெல்லாம் இசக்கிக்கும் தெரியும். தெரிந்தும் வைத்திருந்தான் என்றால் அதற்குப் பெயர் கொள்கை. அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டான்.

எஸ்டேட் ஃபேக்டரியில் அவன் ஃபிட்டர். தொழிலாளிகளுக்கென்று எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டுக்காரர்களில் சிலர் பழைய ஆம்னி, மாருதி என்று வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார்கள். இசக்கி மட்டும் டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு, "காரு எதுக்குங்க? நம்ம சைக்கிள்ல வராத சாமான் என்ன இருக்குது?" என்பான். சும்மா சொல்லக்கூடாது, எல்லாம் வந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்தது. கிரைண்டர் வந்தது. கோயில் விசேஷத்துக்கு அண்டா குண்டா எல்லாம் வந்தது. ஒரு தடவை பீரோவே வந்தது. அந்தப் பீரோவை எவனோ ஒரு டூரிஸ்ட் படம் பிடித்து, காருக்குப் பதில் சைக்கிள், சுற்றுச்சூழல், அது இது என்று எழுதிப் போனில் போட்டுவிட்டான். அதுவரை சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டறியாத இசக்கி அன்றிலிருந்து கவலைப்பட ஆரம்பித்தான். இசக்கி தன் போனைத் திறந்தாலே முதலில் அந்தப் பீரோ படம்தான் வரும்.

இப்போது மெத்தை. அவன் மனைவி ராஜகுமாரி தேயிலை பறிக்கிறவள். மழையில் காட்டுச் சரிவில் வழுக்கி விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி, குன்னூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பாய் ஆகாது, பஞ்சு மெத்தை ஆகாது, போனதும் கெட்டியான தென்னைநார் மெத்தையில்தான் நேராகப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பண்ணின ஆபரேஷன் வீணாகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளை அழைத்துப்போகப் பக்கத்து லைன் செலஸ்டின் தன் ஆம்னியோடு வந்திருந்தான்.

"மேல கேரியர் இருக்குதுங்ணா. மெத்தையையும் அதுலயே கட்டிக்கலாம்" என்றான் செலஸ்டின்.

"மெத்தை நம்ம சைக்கிள்ல வந்துரும். இவங்க டிஸ்சார்ஜ் சீட்டு குடுக்க எப்படியும் மத்தியானம் ஆயிரும். நீ அக்காவப் பத்திரமா கூட்டிட்டு வா. அதுக்குள்ள நான் கட்டில்ல விரிச்சு வெச்சுருப்பேன்."

கட்டிலில் படுத்திருந்த ராஜகுமாரி, "ஏனுங்க, தனியாவா?" என்றாள்.

"எப்பவும் தனியாத்தான கொண்டாறேன்?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு இசக்கி கடைவீதிக்குப் போனான்.

கடைக்காரரும் இரண்டு பேருமாகச் சேர்ந்து மெத்தையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஹேண்டிலிலிருந்து கேரியர் வரைக்கும் செங்குத்தாக நிறுத்திக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு சைக்கிள் கண்ணில் படவில்லை. கடைவீதி முடியும் வரை ராஜநடைதான். தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் ஒரு தலையாட்டல். தார் ரோட்டில் நடுவழியில் மூன்று முறை மூச்சு வாங்க நின்றான். வயசாகுதில்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் மண் ரோடு, செங்குத்தான வளைவு, ராத்திரி பெய்த மழையின் சேறு. அங்கே சைக்கிள் நின்றுவிட்டது. இசக்கி தள்ளினான். கொஞ்சம் ஏறியது. மூச்சு விட்டான். ஏறியது அத்தனையும் இறங்கிவிட்டது. மறுபடி தள்ளினான். மெத்தை தேயிலைச் செடிப் பக்கம் சாய்ந்தது. அதை நிமிர்த்தப் போனால் முன்சக்கரம் திரும்பிக்கொண்டது. மூடுபனி வேறு. இத்தனை வருஷம் சொன்ன பேச்சு கேட்ட சைக்கிளுக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது என்று அதைத் திட்டினான். டயரை அமுக்கிப் பார்த்தான். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இலை எடை போட்டுவிட்டு வந்த தெய்வம்மா, ராஜகுமாரியோடு ஒரே நிரையில் பறிக்கிறவள், நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னங்ணா, மெத்தை உங்களக் கூட்டிட்டுப் போகுதா?"

"சேறு ஜாஸ்தி. அதான் ஏற மாட்டேங்குது."

"சேறு என்னிக்குங்ணா இல்ல? அக்கா பின்னாடி இல்லாம எப்படி ஏறும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வீட்டில் உலை வைக்க வேண்டும் என்று அவள் போய்விட்டாள்.

இசக்கி சைக்கிளை மெத்தையோடு மண்மேட்டில் சாய்த்துவிட்டுப் போனை எடுத்தான். பீரோ வந்தது. முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய அவன். விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பீரோவுக்கு அடியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கால்கள். சேற்றில் கணுக்கால் வரை புதைந்து, குதிகால் தூக்கி, முட்டுக்கொடுத்து நின்றன. தினமும் பார்க்கிற படம். சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் அந்தக் கால்கள் வந்தன. நாள் முழுக்க இலைமூட்டை சுமந்துவிட்டு, ராஜகுமாரி கேட்டில் அவனுக்காகக் காத்திருந்து, ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போய்க் கையை வைப்பாள். இவன் முன்னால் நடந்து போய் டீக்கடையில் கதை அளப்பான். அட மடையா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். எதிரே தேயிலைச் செடிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து கீழே ஹாரன் கேட்டது. செலஸ்டினின் ஆம்னி. வழியை அடைத்துக்கொண்டு இசக்கியும் மெத்தையும் நிற்க, வண்டியும் வளைவில் நின்றது. பின்சீட்டை மடக்கி, கம்பளி விரித்து ராஜகுமாரியைப் படுக்க வைத்திருந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"செலஸ்டின், மெத்தைய மேல கட்டிக்கலாமா?" என்று இசக்கி கேட்டான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து யாரும் கேட்டதில்லை. செலஸ்டின் பாவம், சிரிக்கக்கூட இல்லை.

மெத்தை ஏறிவிட்டது, வண்டிதான் ஏறவில்லை. சேற்றில் நின்ற வண்டியின் பின்சக்கரம் சும்மா சுற்றியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ராஜகுமாரி முனகினாள். செலஸ்டின் ஸ்டியரிங்கை விட முடியாது. இசக்கி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய்க் கையை வைத்தான்.

பின்னால் நின்று தள்ளுகிறவனுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ரோடு தெரியவில்லை, வளைவு முடிந்ததா தெரியவில்லை, மூக்குக்கு முன்னால் தகரக் கதவு மட்டும். சக்கரம் வாரியிறைத்த சேறெல்லாம் முகத்தில். கால் வழுக்கும்போதெல்லாம் அவள் முதுகில் அடி விழுந்தது போலப் பதறினான். கடைசியில் வண்டி ஒரு உறுமு உறுமி மேட்டில் ஏறியது. அவன் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

லைனில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மெத்தையை இறக்கிக் கட்டிலில் போட்டு, நாலு பேர் பிடித்து ராஜகுமாரியை மெல்லப் படுக்க வைத்தார்கள். முதுகு நேரானதும் அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் இசக்கிக்கும் மூச்சு வந்தது.

"பாத்தீங்களா, அந்தச் சேத்துல நம்ம வண்டி என்னமா ஏறுச்சு" என்றான் செலஸ்டின்.

"ஆம்னின்னா ஆம்னிதானுங்க" என்றார் பக்கத்து வீட்டு மனோகரன். எல்லோரும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். தலை முதல் கால் வரை சேறாக வாசலில் நின்றவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ராஜகுமாரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வண்டி எங்கீங்க ஏறுச்சு? அவருதான் பின்னாடி இருந்து தள்ளுனாரு."

அந்த ஒரு வார்த்தையை இசக்கி அவளுக்காக எந்த டீக்கடையிலும் சொன்னதில்லை. சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துப் போனை எடுத்து, பீரோ படத்தைப் பெரிதாக்கி மனோகரனிடம் நீட்டினான்.

"அடியில பாருங்க. அந்தக் காலு இவளோடது. பீரோ வந்தது சைக்கிள்ல இல்லீங்க."

போன் கைமாறி ஒவ்வொருவராகப் போயிற்று. ராஜகுமாரி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவனைப் பார்த்தாள்.

"சைக்கிள் எங்கீங்க?"

"வளைவுலயே கெடக்குது."

"மழை வருது. போயி எடுத்துட்டு வாங்க" என்றாள். அவன் படியிறங்கும்போது உள்ளிருந்து மறுபடியும் குரல் வந்தது. "காலி சைக்கிள்தான. தனியாவே வரும்."